செவி கேட்பதும் மூளை கேட்பதும்

பெங்களூரின் வடகிழக்கில் பிரேசர் டவுன் என்றொரு பகுதி இருக்கிறது. 1898ஆம் ஆண்டில் பிளேக் நோய் அந்நகரைச் சூறையாடியபோது, நெருக்கமும் இருளும் மிகுந்த குடியிருப்புகளிலிருந்து மக்களை வெளிக்கொணர்ந்து, காற்றோட்டமான புதிய ஊர் ஒன்றில் அமர்த்த வேண்டுமென ஆட்சியாளர் கருதினர். அக்கருத்தின் பயனாக 1906இல் அடிக்கல் நாட்டப்பெற்ற ஊர் இது. மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு இளமையில் ஆசிரியராக இருந்து, பின்னர் மைசூரில் ஆங்கில அரசின் ரெசிடென்டாகப் பணியாற்றிய ஸ்டூவர்ட் மிட்பர்டு பிரேசரின் பெயரை இதற்கு இட்டனர். புலிகேசி நகர் என்னும் பெயர் ஏடுகளில் ஏறிவிட்டதெனினும், மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்து நிற்கிறது.

இவ்வூருக்குத் தமிழ் புதியதன்று. 1809இல் சீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலப் படை பெங்களூருக்கு மாற்றப்பட்டுத் தண்டு என வழங்கிய பாளையம் உருவானபோது, படையோடும் படைக்குப் பண்டம் விற்போரோடும் கட்டடம் கட்டுவோரோடும் தமிழ் பேசும் குடும்பங்கள் வந்து குடியேறின. தண்டில் தமிழும் பேட்டையில் கன்னடமுமாக இரண்டு நகரங்கள் பல்லாண்டு அடுத்தடுத்து வாழ்ந்து, 1949இல் ஒரே மாநகராட்சியின்கீழ் வந்தன. இன்றும் மாலை வேளையில் மாஸ்க் ரோட்டில் சிறிது தூரம் நடந்தால், தக்கினி உருதுவில் பேரம், கன்னடத்தில் வழி கேட்டல், ஆங்கிலத்தில் தொலைபேசிப் பேச்சு, தெலுங்கில் சிரிப்பு எல்லாம் ஒரே இரைச்சலாய்க் காதில் மோதுகின்றன. அவ்விரைச்சலுக்கு நடுவே, "ஏண்டா, இன்னும் வரலை?" என்று யாரோ ஒருவர் சொல்லிவிட்டால் போதும், நம் தலை தானாகவே அப்பக்கம் திரும்பிவிடுகிறது.

நேயர்களே, வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் ஒவ்வொருவரும் இதை அனுபவித்திருப்போம். காதில் விழுந்த ஓசைகள் அனைத்தும் காற்றின் அதிர்வுகளே. அவற்றுள் இது தமிழ், இதன் பொருள் இது என்று கண்டவர் யார்? காதா, மூளையா? மூளையெனில் அதன் எப்பகுதி? இவ்வினாக்களுக்கு மனிதர் விடை தேடிய வரலாற்றையே இங்கே நாம் சிறிது காண இருக்கிறோம்.

நம்மவரிடமிருந்தே தொடங்குவோம். தொல்காப்பியர் பிறப்பியல் என ஓர் இயலே வகுத்து, உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புகளைப் பொருந்தி எழுத்தாக ஒலிக்கும் வகையைச் சொன்னார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என அளவிட்டு, அம்மாத்திரையை அளக்கக் கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் கொண்டார். கருவி ஏதுமற்ற காலத்தில், காதையே கருவியாக்கிச் செய்த ஆராய்ச்சி அது. ஆனால் அவ்வியலின் இறுதியில் அவர் தம் எல்லையையும் வரையறுத்துக்கொள்கிறார். உடலுள் எழுந்து உலவும் காற்றின் ஓசையை மறைநூலாருக்கு விட்டு, வெளியே வந்து செவிக்குப் புலனாகும் ஓசைக்கே தாம் அளவு கூறுவதாக உரைக்கிறார். பேசுவோனின் வாய்வரை வந்த அந்த ஆராய்ச்சி, கேட்போனின் செவிக்குள் நுழையவில்லை. அதைக் குறையென்று கூறுவதற்கில்லை. மண்டையோட்டினுள் நடப்பதைக் காண உலகில் எவருக்குமே அன்று வழியில்லை.

அவ்வழி திறந்தது 1861ஆம் ஆண்டில், பாரிசை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில். அங்கே லெபோர்ஞ் என்னும் நோயாளி இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கியிருந்தார். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்றே விடை சொல்வார். அதனால் அவர் பெயரே டான் ஆகிவிட்டது. பிறர் சொல்வதோ அவருக்கு நன்கு விளங்கியது. அவர் இறந்தபின் பால் புரோக்கா என்னும் அறுவை மருத்துவர் மூளையைத் திறந்து பார்த்து, இடப்பக்க முன்மூளையில் ஒரு பகுதி சிதைந்திருப்பதைக் கண்டார். பேச்சை உருவாக்கும் ஆற்றலுக்கு மூளையில் ஓரிடம் உண்டு என்பது இதனால் உறுதிப்பட்டது.

பேச்சைக் கேட்டு உணர்தலுக்கு? அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1874இல் கார்ல் வெர்னிக்கே என்னும் இருபத்தாறு வயது செருமானிய மருத்துவர் சிறு நூலொன்றை வெளியிட்டார். அவர் கண்ட நோயாளிகள் புரோக்காவின் நோயாளிக்கு நேர்மாறானவர்கள். சரளமாகப் பேசினர், ஆனால் பேச்சில் பொருளில்லை. செவிடரும் அல்லர், கதவு தட்டினால் திரும்பிப் பார்ப்பர், ஆயினும் தம் தாய்மொழிச் சொற்கள் அவர்களுக்கு அறியாத மொழி போல் ஒலித்தன. இடப்பக்கத்தில் காதுக்கு மேலாக, பொட்டுப் பகுதியின் பின்புறத்தில் ஏற்பட்ட சிதைவே இதற்குக் காரணம் என்று வெர்னிக்கே காட்டினார். ஓசை கேட்பது வேறு, மொழி கேட்பது வேறு என்னும் உண்மை இவ்வாறு துன்புற்ற சில மனிதரின் வாயிலாக உலகுக்கு வெளிப்பட்டது.

இனி ஓசையின் பக்கம் வருவோம். காதின் உள்ளே நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு உள்ளது. அதனுள் ஓசைக்கேற்ப அலையொன்று ஓடி, உரத்த சுருதிக்கு ஓரிடத்திலும் தாழ்ந்த சுருதிக்கு வேறோரிடத்திலும் உச்சம் அடைகிறது. இதைக் கண்டறிந்ததற்காக கியோர்க் வான் பெக்கசி 1961இல் நோபல் பரிசு பெற்றார். ஆகவே காது ஓசையைச் சுருதி சுருதியாகப் பிரித்து மூளைக்கு அனுப்புகிறது என்பது தெளிவாயிற்று. அப்படியானால், அச்சுக்கோப்பவர் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவதுபோல், மூளையும் வந்த ஓசையை எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்லாக்குகிறது போலும் என்று அறிஞர் எண்ணினர். அவ்வெண்ணம் பொய்த்துப்போன கதை சுவையானது.

இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக, அச்சிட்ட பக்கத்தை ஓசையாக மாற்றும் பொறியொன்றைச் செய்ய அமெரிக்காவில் ஆஸ்கின்ஸ் ஆய்வுக்கூடத்தார் முற்பட்டனர். எழுத்துக்கு ஓர் ஓசை வீதம் பொறி எழுப்பியது. கேட்டவர்களால் அதைத் தொடரவே இயலவில்லை. மெல்ல மெல்ல ஒலித்தாலன்றி எல்லாம் ஒரே இரைச்சலாயிற்று. ஆனால் மனிதர் பேச்சிலோ வினாடிக்குப் பத்துப் பதினைந்து எழுத்துகள் ஓடிவருகின்றன; நாம் தடுமாறுவதில்லை. ஏன் இந்த வேறுபாடு என்று ஆல்வின் லிபர்மனும் அவர் தோழர்களும் ஆராய்ந்தனர். பேச்சின் ஓசையைப் படமாக வரைந்து பார்த்தபோது, 'டி' என்பதில் உள்ள டகரமும் 'டு' என்பதில் உள்ள டகரமும் படத்தில் ஒன்றாக இல்லை. பின்வரும் உயிரின் சாயல் முன்னுள்ள மெய்யிலேயே படிந்திருந்தது. எழுத்துகள் மணிகளாய்க் கோத்தவை அல்ல. ஒன்றினுள் ஒன்று கரைந்து வருபவை. அவற்றைப் பிரித்துணர்வது மூளையின் வேலையே.

1957இல் அவர்கள் இன்னொன்றும் கண்டனர். ஓர் ஓசையைச் சிறிது சிறிதாக மாற்றிப் பகரத்திலிருந்து தகரத்துக்குக் கொண்டு சென்றால், கேட்போருக்கு அது படிப்படியாக மாறுவதாகத் தோன்றவில்லை. ஓரெல்லைவரை ஓரெழுத்து, எல்லையைத் தாண்டியதும் சட்டென்று மற்றோரெழுத்து. அவ்வெல்லைக் கற்கள் ஓசையில் நாட்டப்பட்டவை அல்ல. கேட்பவர் பழகிய மொழியால் பெரிதும் அமைபவை.

பிரேசர் டவுனில் வாழும் தமிழர் இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. தமிழில் ககரம் ஒன்றே. 'காகம்' என்னும் சொல்லில் முதற் ககரம் வலிந்தும் இடையிலுள்ள ககரம் குழைந்தும் ஒலிக்கின்றன. இரண்டும் வேறு ஓசைகள் என்பதை யாரேனும் எடுத்துக் காட்டினாலன்றி நாம் நினைப்பதே இல்லை. கன்னடத்திலோ வலிந்த ககரத்துக்கு ஓரெழுத்து, குரல்நாண் அதிரும் ககரத்துக்கு வேறெழுத்து. வலிந்த ககரத்தால் தொடங்கினால் காளி, தெய்வத்தின் பெயர். அதிரும் ககரத்தால் தொடங்கினால் அதே சொல் காற்றைக் குறிக்கும். இவ்வாறே ஊரில் கடைத்தெருவைச் சுட்டும் பேட்டெ என்பதும், முதலெழுத்தில் குரல் அதிர்ந்தால் வேட்டையாகிவிடும். இவ்விருவகை ஓசைகளையும் பிரிக்கும் கால இடைவெளியோ மிகச் சிறிது. ஒரு வினாடியை ஆயிரமாகப் பகுத்தால் அதில் சில பத்துக் கூறுகளே. தமிழகத்திலிருந்து புதிதாக வந்த ஒருவர், "காற்று பலமாக அடிக்கிறது" என்று கன்னடத்தில் சொல்ல முயன்று, காளியம்மனைக் குறித்து ஏதோ சொல்லிவிடுவதும், கேட்டவர் நகைப்பதும் நாம் அறிந்தவை. அவர் நாக்கு மட்டும் பிழைக்கவில்லை. அவர் செவியும் அவ்வேறுபாட்டை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

மறுபக்கமும் உண்டு. பழங்கன்னடத்தில் ழகரம் இருந்தது. அதற்குத் தனியெழுத்தும் இருந்தது. இடைக்காலத்தில் அது மறைந்து பெரும்பாலும் ளகரத்தோடு கலந்துவிட்டது. எனவே நம் 'ஏழு' அங்கே ஏளு ஆயிற்று. கன்னட நண்பர் 'பழம்', 'பள்ளம்' என்பவற்றில் வரும் ழகர ளகரங்களைப் பிரித்துணர இடர்ப்படுவாராயின், நாம் சிரிப்பதற்கு முன் காளியை நினைத்துக்கொள்ளலாம். நம் தமிழ்ப் பிள்ளைகள் பலரும் இன்று சென்னையிலேயே அவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டனர் என்பது வேறு கதை.

இவ்வெல்லைக் கற்களை மூளை எப்பொழுது நாட்டுகிறது? பெற்றோர் கவனிக்கவேண்டிய செய்தி இதுவே. 1971இல் பீட்டர் ஐமசும் அவர் குழுவினரும், பிறந்து ஒரு மாதமும் நான்கு மாதமும் ஆன குழந்தைகள்கூட வலிந்த பகரத்தையும் அதிரும் பகரத்தையும் வேறுபடுத்தி உணர்வதைக் காட்டினர். பாலூட்டும் போலிக் காம்பொன்றைக் குழந்தை சப்பும் விரைவு, புதிய ஓசை கேட்டதும் கூடுவதே அவர்கள் கொண்ட அளவுகோல். பின்னர் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்டு டீசும், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் தகர, டகர ஓசைகளைக் கேட்பித்தனர். நமக்கு இயல்பான அவ்வேறுபாடு ஆங்கிலேயருக்குக் கடினமானது. 1984இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்பூட்டியது. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் அவ்வேறுபாட்டை எளிதில் உணர்ந்தனர். பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அத்திறன் பெரிதும் தேய்ந்துவிட்டது. குழந்தை முதற்சொல்லை மழலையாய் மொழிவதற்கு முன்பே, அதன் மூளை தன் வீட்டில் வழங்கும் ஓசைகளுக்கு முதன்மை தந்து, வழங்காதவற்றைப் புறந்தள்ளத் தொடங்கிவிடுகிறது.

அப்படியானால், பெங்களூரில் பிறந்த குழந்தைக்குத் தமிழ் வானொலியையோ தொலைக்காட்சியையோ வைத்துவிட்டால் போதுமே என்று சிலர் நினைக்கக்கூடும். 2003இல் பட்ரிசியா கூல் என்னும் அறிஞர் இதையே சோதித்தார். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் சிலரோடு சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து, பன்னிரண்டு அமர்வுகள் விளையாடிக் கதை சொன்னார்கள். மற்றும் சிலருக்கு அதே பேச்சு படமாகவும், வேறு சிலருக்கு வெறும் ஒலியாகவும் கேட்பிக்கப்பட்டது. நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஓசைகளை நன்கு பிரித்துணர்ந்தனர். படம் பார்த்தவர்க்கும் ஒலி மட்டும் கேட்டவர்க்கும் பயன் ஏதும் விளையவில்லை. வானொலிக்காக எழுதும் நாம் இதைச் சொல்ல நேர்ந்தது சற்றுக் கூச்சந்தான். ஆயினும் உண்மை உண்மையே. மடியில் இருத்திப் பேசும் பாட்டியின் வேலையைப் பெட்டி செய்வதில்லை.

நாம் தொடங்கிய தெருவுக்கு மீண்டும் செல்வோம். பல குரல்களிடையே ஒன்றைப் பற்றிக்கொள்ளும் திறத்தை 1953இல் காலின் செரி ஆராய்ந்தார். ஒரு காதில் ஒரு பேச்சையும் மறு காதில் வேறொன்றையும் ஒலிக்கச் செய்து, ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னார். கவனியாத காதில் ஆங்கிலம் செருமன் மொழியாக மாறியதைக்கூடக் கேட்டோர் அறியவில்லை. எனினும் கதவு முழுதும் அடைக்கப்படுவதில்லை. கவனியாத காதில் தம் பெயர் ஒலித்தால் மூன்றில் ஒருவர் அளவுக்கு அதை உணர்ந்ததாக 1959இல் நெவில் மோரே கண்டார். மாஸ்க் ரோட்டின் இரைச்சலில் நம் தலையைத் திருப்பிய அந்தத் தமிழ்ச்சொல்லும் பெயரைப் போன்றதே என்று நாம் கருதுகிறோம்.

காதில் வந்து சேராததையும் மூளை கேட்கிறது என்பது இன்னும் விந்தை. 1970இல் ரிச்சர்டு வாரன், பதிவு செய்த வாக்கியம் ஒன்றில் ஓரெழுத்தை அறவே வெட்டி எடுத்து, அவ்விடத்தில் ஓர் இருமலைச் சேர்த்தார். கேட்டவர் இருபதின்மருள் பத்தொன்பது பேர் எவ்வெழுத்தும் விடுபடவில்லை என்றே சொன்னார்கள். இருமல் எவ்விடத்தில் வந்தது என்பதையும் அவர்களால் சரியாகச் சுட்ட இயலவில்லை. இரயில் நிலையத்தில் அரைகுறையாய் ஒலிக்கும் அறிவிப்பு, தமிழிலிருந்தால் நமக்கு விளங்கிவிடுவதும், அன்றே கற்கத் தொடங்கிய மொழியிலிருந்தால் விளங்காமற் போவதும் இதனால்தான். தெரிந்த மொழியில் இடைவெளியை மூளை நிரப்பிக்கொள்கிறது.

அண்மைக் காலத்தில் மூளையின் மேற்பரப்பிலேயே நுண்ணிய மின்முனைகளைப் பதித்துப் பார்க்கும் வாய்ப்பு வந்தது. வலிப்பு நோய்க்காக அறுவை செய்துகொள்ளும் நோயாளிகள் இசைந்ததால் இது கைகூடியது. சான் பிரான்சிஸ்கோவில் எட்வர்டு சாங் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெர்னிக்கே சுட்டிய இடத்தை அடுத்துள்ள பகுதியில் ஒவ்வொரு சிறு இடமும் ஓரெழுத்துக்கென அமையவில்லை. ஓசை வகைகளுக்கென அமைந்திருந்தது. காற்று அடைபட்டு வெடிக்கும் ஓசைகளுக்குச் சில இடங்கள், மூக்கொலிகளுக்குச் சில இடங்கள், உயிர்களுக்கு வேறு சில. வல்லினம், மெல்லினம், இடையினம் என்னும் நம் பாகுபாடு நினைவுக்கு வருகிறதன்றோ? பண்டைத் தமிழர் மூளையின் உள்ளமைப்பை அறிந்திருந்தனர் என்று இதைக் கொண்டு முழங்குவது முறையன்று. ஓசைகளைக் கூர்ந்து கேட்டு இனம் பிரித்த இலக்கணப் புலவரின் செவியும், அவ்வோசைகளைத் தரம் பிரிக்கும் மூளையும் ஒரே வகைப் பாகுபாட்டை அடுத்து வந்திருக்கின்றன என்பதே நாம் சொல்லத்தக்கது. அதுவே போதிய பெருமை.

இனி, பல மொழிகளிடையே வாழ்வது மூளைக்குச் சுமையா, துணையா என்னும் வினா. ஐதராபாத்தில் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் சுவர்ணா அல்லாடியும் அவருடன் பணியாற்றியோரும் நினைவுத் தேய்வு நோயுற்ற 648 பேரின் வரலாற்றை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டனர். ஒரு மொழி மட்டும் பேசியவரைவிட, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசியவர்க்கு நோய் நாலரை ஆண்டு பிந்தித் தோன்றியிருந்தது. எழுத்தறியாதவரிடத்தும் இவ்வேறுபாடு காணப்பட்டது. ஆகவே பள்ளிக் கல்வியே காரணம் என்று கூறிவிட இயலாது. இரண்டுக்கு மேல் மொழிகள் அறிந்ததால் மேலும் நன்மை விளைந்ததாகத் தெரியவில்லை. பிற நாடுகளில் நடந்த சில ஆய்வுகள் இம்முடிவை உறுதிப்படுத்தவில்லை என்பதையும் மறைக்கலாகாது. அல்லாடி அம்மையார் பின்னர் பெங்களூரின் நிம்ஹான்சில் நரம்பியல் பேராசிரியராகி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். பழைய மனநோய் மருத்துவமனையும் 1954இல் தோன்றிய அகில இந்திய மனநலக் கழகமும் 1974இல் இணைந்து உருவானதே அந்நிறுவனம்.

ஆனால் பன்மொழியாளரின் மூளை காயமுறும்போது ஒரு தனித் துன்பம் நேர்கிறது. பிரேசர் டவுனில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். வீட்டில் தமிழ், கடையில் கன்னடமும் உருதுவும், அலுவலகத்தில் நாற்பதாண்டு ஆங்கிலம். பக்கவாதத்தால் வலக்கை சோர்ந்து, பேச்சும் போயிற்று. மருத்துவர் ஆங்கிலத்தில் வினவுகிறார். செவிலியர் கன்னடத்தில் பேசுகிறார். பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலமே பழக்கம். பெரியவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஏதும் விளங்கவில்லை என்று ஏட்டில் எழுதப்படுகிறது. அவர் மனைவி அருகே வந்து, "தண்ணி வேணுமாங்க?" என்கிறார். அவர் தலை அசைகிறது.

இது கற்பனையாயினும் அரிய நிகழ்ச்சியன்று. இளமையில் முதலில் கற்ற மொழியே கடைசிவரை நிற்கும் என்று பிரெஞ்சு அறிஞர் தெயோதூல் ரிபோ கருதினார். அவ்வாறன்று, நோய்க்கு முன் மிகுதியாய்ப் பழகிய மொழியே முதலில் மீளும் என்று 1895இல் ஆல்பர்ட் பித்ர் எழுதினார். பின்னர் கண்ட நோயாளிகள் இருவர் விதிக்கும் முழுதும் கட்டுப்படவில்லை. பலருக்கு எல்லா மொழிகளும் ஒருசேர மீண்டன. சிலருக்கு ஒன்று மீண்டு மற்றொன்று மீளவேயில்லை. வேறு சிலருக்கு இன்று ஒன்றும் நாளை மற்றொன்றுமாக மாறி மாறி வந்தன. எனவே ஒரு மொழியில் மட்டும் சோதித்து, இவருக்கு எஞ்சியது இவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல இயலாது.

இக்குறையை நீக்கவே கனடா நாட்டின் மிஷேல் பாரடி என்னும் அறிஞர், இருமொழியாளரின் பேச்சிழப்பை அளப்பதற்கான சோதனையொன்றை வகுத்து 1987இல் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு மொழியிலும் அச்சோதனை தனித்தனியே நடத்தப்பெறும். ஒரு மொழி வடிவம் மற்றொன்றின் மொழிபெயர்ப்பன்று, அந்தந்த மொழியின் ஒலிக்கும் அமைதிக்கும் ஏற்ப இயற்றப்பட்டது. படம் காட்டுவதற்கும் சொல் கேட்பதற்கும் முன்பே, நோயாளியின் மொழி வாழ்வைப் பற்றிய ஐம்பது வினாக்கள் அதில் உள்ளன. சிறு பிள்ளையாய் இருந்தபோது வீட்டில் எம்மொழி பேசினீர்? தந்தையின் மொழி எது? தாய் உம்மோடு எம்மொழியில் பேசினார்? வீட்டில் உம்மைப் பார்த்துக்கொண்டவர் வேறு யாரேனும் உண்டா? அவர் பேசியது எது? நோயாளியால் விடை சொல்ல இயலாதபோது, வீட்டார்தாம் சொல்ல வேண்டும்.